சூரியனுக்கு விட்ட இடம்

காலையில் பார்த்தபோது ஏழு வில்லைகளும் தகரத்தின் ஒரே ஓரத்தில் இருந்தன.

முதல் நாள் நீலாவதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை விளையாடிவிட்டு ஒதுக்கியிருக்கும். இரண்டாம் நாள் அவளே வில்லைகளை அதனதன் இடத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நாலு வயது செல்லம் அவள் காலடியில் உட்கார்ந்து அப்பளம் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சோறு வடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது ஏழும் மறுபடி அதே ஓரத்தில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கிய ஆடுகள்போல நின்றன.

தாம்பாள அளவில் ஒரு சதுரத் தகரம் அது. வெள்ளை பூசி, மேலே கறுப்புக் கோட்டில் ஒரு படம் போட்டிருந்தது. வீடு, பக்கத்தில் மரம், மேலே வானம். கோடுகளுக்குள் வண்ணம் இல்லை. வண்ணமெல்லாம் வில்லைகளில் இருந்தது. சிவப்பு முக்கோணம் கூரை, நீலச் சதுரம் சுவர், கதவுக்கு ஒரு நீளத் துண்டு, மரத்துக்கு இரண்டு, வானத்துக்கு ஒரு பிறையும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நட்சத்திரமும். ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பாக ஒரு காந்தத் துணுக்கு. கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், விரல் விடுவதற்குள் தாவி ஒட்டிக்கொள்ளும். டக். அந்தச் சத்தத்துக்காகவே செல்லம் நாள் முழுக்க எடுப்பாள், வைப்பாள்.

ஏதோ வெளிநாட்டுச் சாமான். பெட்டியின் மூடியில் படிக்கத் தெரியாத எழுத்து. முன்னால் குடியிருந்தவர்கள் சமையலறைப் பரணில் விட்டுப்போன உடைந்த அரிவாள்மனைக்கும் ஒரு ஜோடி சின்ன ரப்பர் செருப்புக்கும் நடுவில் அது கிடைத்தது.

கோட்டில் எட்டு இடம். வில்லை ஏழு. வானத்தின் மூலையில் ஒரு வட்டம் காலியாகவே கிடந்தது.

"அம்மா, இங்க என்ன வைக்கணும்?"

"சூரியன்."

"சூரியன் எங்க?"

நீலாவதி வாசலைக் காட்டினாள். வெளியே கடலும் வானமும் ஒரே ஈயச் சாம்பலாக இருந்தன. "அதுவும் இல்லதான. ரெண்டும் சேந்தாப்புல வரும், பாரு."

அறுபத்தேழாம் வருஷம் ஜூன் முதல் வாரம் அவர்கள் மெயின்லாண்டிலிருந்து கப்பலில் இந்தத் தீவில் வந்து இறங்கியபோதே மழை பிடித்துவிட்டது. அதன் பிறகு வானத்தில் சூரியன் என்று ஒன்றை அவள் பார்க்கவில்லை. பகல் என்பது எங்கிருந்தோ கசிகிற ஒரு வெளிச்சம். ஐந்தரை மணிக்கெல்லாம் அதுவும் வற்றிவிடும். கணவன் ஜெகநாதனுக்கு ரோடு ஓவர்சியர் வேலை. வண்டூர்க் கடற்கரையோரம் சர்க்கார் கொடுத்த வீடு, நாலடி உயர மரக்கால்களின் மேல் நின்றது. பலகைச் சுவர், தகரக் கூரை. தரையும் பலகைதான், இரண்டு பலகைக்கு நடுவில் விரல் நுழையும். குனிந்து பார்த்தால் கீழே ஈர மண் தெரியும்.

வாசல் கடலைப் பார்த்து இருந்தது. வந்த அன்றே அவளுக்கு அதில் சந்தோஷம். கிழக்குப் பார்த்த வீடு. அவள் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். அங்கே கடல் என்றால் கிழக்கு. யோசித்துத் தெரிந்துகொண்ட விஷயமல்ல; சோற்றுக் கை எது என்பதுபோல. அந்தப் பக்கம் பார்த்து விளக்கு வைத்தாள், அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். வாசலில் நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு. குழந்தையை வடக்கே தலை வைத்துப் படுக்கவிடக் கூடாது என்று தினமும் பாயைத் தெற்கே தலைமாடு வரும்படி போட்டாள்.

வில்லைகள் ஒதுங்கிய ஓரமும் அந்த இடது கைப் பக்கம்தான். தகரத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். வேறு ஓரம், ஆனால் அதே பக்கம்.

அன்று சாயங்காலம் ஜெகநாதன் படியில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, அந்த வில்லையெல்லாம் வடக்க பாத்து ஓடுது."

"காந்தம் வடக்க பாக்காம பின்ன ஜப்பானையா பாக்கும்?" அவன் நிமிரவில்லை. "எங்க காம்பஸ் முள்ளும் அப்படித்தான் நிக்கிது. அதப் போய்ப் பயந்துக்கிட்டு. ஒரு டம்ளர் டீ குடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வடக்கு. அவள் டீ போடப் போனாள்.

ஜூலை தொடக்கத்தில் ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது ஆறு வில்லைதான் இருந்தது.

"நட்சத்திரம் எங்கடி?"

செல்லம் வாயைத் திறந்து காட்டினாள். வாய் காலியாக இருந்தது. பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

ஜெகநாதன் வேலை இடத்தில் இருந்தான். நீலாவதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெய்னுதீன் பாய் கடைக்கு ஓடினாள். பாயின் மனைவி சைனம்பு நாகூர்க்காரி. தீவுக்கு வந்து பதினோரு வருஷம். இந்தி தெரியும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும் தெரியும். அவள்தான் குடை பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். கம்பவுண்டர் செல்லத்தின் வயிற்றை இரண்டு விரலால் தட்டினார்.

"ஃபிக்கர் மத் கரோ. கேலா கிலாவோ. நிகல் ஜாயேகா."

"வாழப்பழம் குடுக்கச் சொல்றாரு" என்றாள் சைனம்பு. "கவலப்படாத புள்ள, தன்னால வெளிய வந்துரும். எங்க வூட்டு மூத்தவன் நாலணாவ முழுங்கிட்டு மூணா நாளு திருப்பிக் குடுத்தான். அந்தக் காசுக்கே அவனுக்கு முட்டாயி வாங்கிக் குடுத்தேன்."

நீலாவதியும் சிரித்தாள். மூன்று நாள் குச்சியை வைத்துக் கிளறிப் பார்த்தாள். பிறகு ஒரு வாரம். பிறகு பத்து நாள். நட்சத்திரம் வரவில்லை. செல்லம் சாப்பிட்டாள், விளையாடினாள், வலி என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஜெகநாதன், நீ பார்க்காத நேரத்தில் போயிருக்கும் என்றான். இருக்கலாம்.

ஆனால் குழந்தை தூக்கத்தில் நகர ஆரம்பித்தாள்.

மத்தியானம் பாயில் போட்டுவிட்டுத் துணி அலசிவிட்டு வந்தால் பாய் காலியாக இருக்கும். செல்லம் இடது கைப் பக்கச் சுவரோரம், சட்டை மேலேறி, வெறும் வயிற்றைப் பலகையோடு பலகையாக ஒட்டிவைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். தூக்கிக்கொண்டு வந்து பாயில் போடும்போது முதல் கணம் ஒரு இழுப்பு இருந்தது. நனைந்த துணியைத் தரையிலிருந்து உரிப்பதுபோல. சுவரை விட்டு வந்ததும் எடை குறைந்துவிடும். அவள் குழந்தையின் தலையைத் தெற்கே வைப்பாள். ஒரு மணி நேரத்தில் செல்லம் மறுபடி சுவரோரம்.

ஒருநாள் தூங்கவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். குழந்தை உருளவில்லை, கை கால் அசையவில்லை. மூச்சு சீராக இருந்தது. அவள் கண்ணெதிரே ஒரு விரல் தூரம் நகர்ந்தாள். இன்னும் ஒரு விரல்.

அதன் பிறகு நீலாவதி தன் முந்தானையைக் குழந்தையின் இடுப்பில் முடிந்துகொண்டு படுத்தாள்.

வில்லைகள் இப்போது சத்தம் போட்டன. அவள் அடுக்களையில் தேங்காய் துருவும்போது கூடத்தில் தகரத்தின் மேல் ஆறு வில்லைகளும் உரசிக்கொண்டு போவது, யாரோ நகத்தால் மெல்லத் தட்டைச் சுரண்டுவதுபோலக் கேட்கும். துருவுவதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். கூரையில் மழை, பின்னால் காட்டில் சொட்டு, அதற்கப்பால் கடல், மூன்றும் சேர்ந்த இரைச்சலுக்குள் அவள் காது அந்தச் சுரண்டலையே தேடும். ஒருநாள் தகரமே இடம் மாறியிருந்தது. கூடத்தின் நடுவில் வைத்தது இடது சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் அதைப் பெட்டியில் போட்டு மூடி, பெட்டியைப் பரணில் வைத்தாள். செல்லம் அழுத அழுகையில் மூச்சு முட்டிவிட்டது. எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பக்கத்து வேலிக்கு வெளியே ஒரு படாக் மரம் இருந்தது. பெரியது. அதன் அடியிலிருந்து வேலி வரைக்கும் சேற்றில் ஒரு தடம் கண்டாள். உடும்பு வாலை இழுத்துப்போனதுபோல ஒரு கோடு, ஒரு சாண் அகலம். காலடி எதுவும் இல்லை. மழை அதை அழித்துவிடும் என்று நினைத்தாள். மறுநாள் அது வேலிக்கு உள்ளே வந்திருந்தது. நான்காம் நாள் வாழைக்கன்று வரைக்கும். சேறு புதிதாக இருந்தது, ஓரங்கள் கூராக இருந்தன. உடும்பென்றால் போன தடம் இருக்கிறது. திரும்பிய தடம் எங்கே?

அப்புறம் அந்த வாசனை. மழை கொஞ்சம் தணிந்த நேரங்களில் இடது சுவரின் பலகைச் சந்துகள் வழியாக வந்தது. தோண்டிய மண், அழுகிய இலை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று. அது என்னவென்று பிடிபட அவளுக்கு இரண்டு நாள் ஆனது. சுட்டு இழைத்த வசம்பு. பச்சைப் பிள்ளைக்கு வயிற்றில் தடவுவது. இந்த வீட்டில் வசம்பு இல்லை. செல்லத்துக்கு அது தடவி மூன்று வருஷம் ஆகிறது.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, அவள் தீர்மானித்துவிட்டாள். போர்ட் பிளேர் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜெகநாதன் மூன்று நாளாக வரவில்லை. மழை அரித்த சின்னப் பாலம் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனுக்காகக் காத்திருக்க முடியாது. சைனம்புவுக்குச் சொல்லி அனுப்பினாள். சைனம்பு மூன்று மணிக்கு, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் நாலு மீன் துண்டோடு வந்தாள்.

"லாரியா? அச்சா, கொப்பர ஏத்த வந்த லாரி நம்ம கடையிலதான் நிக்கிது. இன்னக்கித்தான் உன் மாப்புள அந்தப் பாலத்துல பலகையப் போட்டு வழி வுட்டுருக்காராம். அஞ்சு மணிக்குக் கெளம்பும். இந்த வாசல்ல நிறுத்தி உன்னைய ஏத்திக்கச் சொல்றேன். கோழி மாதிரி நடுங்காத புள்ள, ஒண்ணும் ஆவாது."

எழுந்தாள். மழை கொட்டியது. மறுபடி உட்கார்ந்தாள்.

"இது இப்ப வுடாது. அசர் தொழுகை தப்பிப் போயிரும். இங்கனயே தொழுதுட்டுப் போறேன். ஒரு துணி குடு, சுத்தமா."

நீலாவதி துவைத்த போர்வை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சைனம்பு மழைத் தண்ணீரில் கை கால் முகம் கழுவிவிட்டு வந்து, போர்வையை விரித்து, வாசலைப் பார்த்து நின்றாள்.

கடலைப் பார்த்து.

நீலாவதி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். என்னவோ சரியில்லை. நாகூரில் பள்ளிவாசலில் அவள் பார்த்திருக்கிறாள். அங்கே எல்லாரும் கடலுக்கு முதுகு காட்டித் தொழுவார்கள். சைனம்பு குனிந்தாள், நெற்றியைத் தரையில் வைத்தாள், எழுந்தாள். முடியும் வரைக்கும் நீலாவதி பேசவில்லை.

"அக்கா. திசை மாத்தி நின்னுட்டீங்க. அது கிழக்கு."

"எது கெழக்கு?"

"கடல்."

சைனம்பு அவளையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப் பைத்தியமே! கடலு கெழக்கா இருக்கறது நம்மூர்ல. இங்க மேக்காலல்ல இருக்கு. மேக்க பாத்துத்தானே தொழணும்? நானும் வந்த புதுசுல ஒரு மாசம் கடலுக்கு முதுவக் காட்டித்தான் தொழுதேன், அந்த மனுசன் பாத்துட்டு மானத்த வாங்கிட்டாரு. ஒரு சூரியனப் பாத்தா தெரிஞ்சுருக்கும், ஒனக்கு அதுவும் கெடைக்கல." கண்ணைத் துடைத்தாள். "ஒன்னரை மாசமா எந்தப் பக்கம் பாத்துடி வெளக்கு வச்சே?"

நீலாவதி சிரிக்கவில்லை.

மெல்லக் கையை நீட்டினாள். இடது கைப் பக்கச் சுவர். அதன் ஓரம் தகரம். அதில் ஆறு வில்லைகள், ஒன்றன் மேல் ஒன்று ஏறி.

"அப்ப இந்தப் பக்கம்?"

"தெக்கு."

வில்லைகள் வடக்கே ஓடுகின்றன என்று அவள் சொன்னாள். காந்தம் அப்படித்தான் என்று ஜெகநாதன் சொன்னான். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான். பலகைத் தரை காலுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, வேறு இடத்தில் நின்றதுபோல இருந்தது. ஒன்றரை மாதமாகக் குழந்தையை எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கப் போட்டாள் என்று யோசித்தாள். யோசிப்பதை நிறுத்தினாள். தெற்கு யாருடைய திசை என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, தெக்கால என்ன இருக்கு?"

சைனம்பு போர்வையை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள்.

"குடிவந்த வூட்டுல எதுக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். இதுக்கு முன்னால இங்க பழனிசாமின்னு காட்டு இலாகா ஆளு, கோயம்புத்தூர்ப் பக்கம். ஒரே ஆம்புளப் புள்ள, மூணு வயசு. போன வருசம் மழையில வவுத்த வலிச்சுக்கிட்டு ரெண்டு நாளு கத்துனான். என்னான்னே யாருக்கும் புரியல. அவனப் பெத்த பொண்ணு வசம்பத் தடவித் தடவிப் பாத்துச்சு. போயிட்டான். சின்னப் புள்ளைய நீங்க எரிக்க மாட்டீங்களே. அந்த படாக் மரத்தடியிலதான் வச்சாங்க. அடுத்த ஷிப்புலயே ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க, ஒரு சாமான எடுக்கல."

"அவன் எதயாச்சும் முழுங்கினானா?"

"யாருக்குத் தெரியும்? வூட்ட விட்டு ஓடுனா போதும்னு போனாங்க."

நீலாவதி தகரத்தைப் பார்த்தாள். வானத்தின் மூலை. காலி வட்டம்.

"அக்கா, லாரிய இப்பவே வரச் சொல்லுங்க."

சைனம்பு அவள் முகத்தைப் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்காமல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். "ஏத்தி முடிக்கணும்ல, செத்த நேரம் ஆவும். புள்ளையத் தயாரா வையி!"

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். நீலாவதி அவளைச் சுவரிலிருந்து உரித்து எடுத்து, கூடத்தின் நடுவில், எல்லாச் சுவருக்கும் தூரமாக, பாயில் போட்டாள். தகரத்தையும் எடுத்துப் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். இனி அது எந்தப் பக்கம் போகிறது என்று கண் முன்னால் தெரிய வேண்டும். துணிப்பையில் இரண்டு பாவாடை, ஒரு துண்டு, டிஸ்பென்சரிச் சீட்டு. பால் டப்பாவில் கொஞ்சம் கஞ்சி. கைகள் வேலை செய்தன. காது தெற்குச் சுவரில் இருந்தது.

மழை குறைந்தது. தூறலானது. நின்றது.

ஒன்றரை மாதத்தில் முதல் முறையாகக் கூரையில் சத்தம் இல்லை. அந்த அமைதியில் தகரத்தின் மேல் சுரண்டல் கேட்டது. வில்லைகள் நகர்ந்தன. ஓரத்தை விட்டு வெளியே வந்தன. நீலாவதி பையைக் கீழே வைத்தாள். அவை தெற்கு ஓரத்திலிருந்து பின்வாங்குவதைப் பார்த்தாள். ஒரு நிமிடம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. விட்டுவிட்டது. போய்விட்டது.

சுவரின் சந்து வழியாக வெளியே பார்த்தாள். தடம் வாழைக்கன்றில் நிற்கவில்லை. துளசித் தொட்டியைத் தாண்டியிருந்தது. சுவர் வரைக்கும் வந்திருந்தது. சுவருக்கு அடியில், மரக்கால்களுக்கு நடுவில், வீட்டுக்குக் கீழே போயிருந்தது.

திரும்பினாள்.

ஆறு வில்லைகளும் தகரத்தின் நடுவில் குவிந்திருந்தன. எந்தத் திசையும் இல்லை. நடுவில். கீழ்நோக்கி.

வசம்பு வாசனை இப்போது சுவரிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது.

"செல்லம்."

குழந்தை பாயில் இல்லை. பாய்க்கு ஒரு முழம் தள்ளி, வெறும் பலகையில் குப்புறப் படுத்திருந்தாள். சட்டை மேலேறியிருந்தது. கண் திறந்திருந்தது.

"அம்மா, சூரியன் வந்துட்டு."

வாசலில் வெளிச்சம் விழுந்தது. மஞ்சள் வெளிச்சம். நீலாவதி பார்த்தாள். கடலுக்கு மேல் மேகம் கீறியிருந்தது, அந்தக் கீறலில் சூரியன் முழு வட்டமாகத் தொங்கியது. அவள் கிழக்கென்று கும்பிட்ட இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா கண்ணு, வந்துட்டு. எந்திரி. லாரி வரும்."

குழந்தை வாசலைப் பார்க்கவில்லை. கன்னத்தைப் பலகையில் வைத்து, சந்து வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் சேந்தாப்புல" என்றாள்.

நீலாவதி இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினாள். தோள் எழுந்தது. கால் எழுந்தது. வயிறு எழவில்லை. மறுபடி இழுத்தாள். குழந்தை முனகினாள்.

"வலிக்குதும்மா."

விட்டாள். தோளும் காலும் தரைக்குத் திரும்பின.

தூரத்தில் லாரி. கியர் மாற்றும் சத்தம். வளைவில் திரும்புகிறது.

இடுப்பைப் பிடித்தாள். மெதுவாக. கையைக் குழந்தைக்கும் பலகைக்கும் நடுவில் நுழைக்கப் பார்த்தாள். விரல் நுனிகூடப் போகவில்லை. வயிற்றுக்கு அடியில் பலகை அதிர்ந்தது. கீழே ஏதோ மண்ணிலிருந்து எழும்பியது. ஈரமாக. மெதுவாக. அவசரம் இல்லாமல்.

டக்.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

செல்லம் சிரித்தாள்.

வாசலில் லாரி வந்து நின்றது. ஹாரன். "நீலா! வா புள்ள!" சைனம்புவின் குரல். இன்னொரு ஹாரன். நீலாவதி குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கன்னத்தைப் பலகையில் வைத்தாள். ஒரு கண்ணைச் சந்தில் வைத்தாள்.

கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து வந்த வெயில் வீட்டுக்கு அடியில் நிறைந்திருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சேறு. வளைந்த சிறு சுள்ளிகள்போல வெள்ளையாக இரண்டு வரிசை. அவை முடிகிற இடத்தில், வயிறு இருக்க வேண்டிய இடத்தில், பலகையோடு ஒட்டி, கழுவி வைத்ததுபோல மஞ்சளாக ஒரு வட்டம்.

செல்லம் மூச்சை உள்ளே இழுத்தாள். கீழே சுள்ளிகள் மெல்ல விரிந்தன.

செல்லம் மூச்சை விட்டாள். அவை சுருங்கின.